எந்தச் சோகை?

விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்கள். இருவருக்கும் 21 வயது. ஒருத்திக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு இரைக்கிறது. வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, தலை சீவினால் சீப்போடு முடி வருகிறது. இன்னொருத்திக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கல்லூரியில் நடந்த ரத்ததான முகாமுக்கு ஆசையாகப் போனாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உனக்கே ரத்தம் கம்மியா இருக்கேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் நாட்டில் ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும்.

இருவரும் சேர்ந்தே லேபுக்குப் போனார்கள், சேர்ந்தே ரிப்போர்ட் வாங்கினார்கள். இரண்டிலும் ஹீமோகுளோபின் வரிக்குப் பக்கத்தில் குறைவு என்று கறுப்பு எழுத்தில் குறி. இருவருக்கும் ஒரே மாத்திரை: இரும்புச் சத்து, மூன்று மாதத்துக்கு. இருவர் வீட்டிலிருந்தும் ஒரே உபதேசம்: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாதுளை.

மூன்று மாதம் கழித்து முதல் பெண்ணுக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. இரண்டாமவளுக்கு ஹீமோகுளோபின் அரைப் புள்ளிகூட நகரவில்லை. "நீ ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டே" என்று திட்டும் வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருந்தாள்.

இந்த இருவரும் நான் சேர்த்துக் கட்டிய பாத்திரங்கள். ஆனால் இவர்களைப் போன்ற இரட்டை ரிப்போர்ட்டுகள் தமிழ்நாட்டின் எந்த ஊர் லேபிலும் தினமும் அச்சாகின்றன. "ரத்தம் கம்மி" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுவதால், அந்தத் தாளின் மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. சோகை என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்றால் மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று கேட்கிறோம். சோகை என்றால் மட்டும் எந்தச் சோகை என்று கேட்காமல் இரும்பை நீட்டுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்களுக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11. அதற்குக் கீழே போனால் சோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சோகை. இந்திய அளவில் 57 சதவீதம். இந்த எண்கள் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தது. ஏன் குறைந்தது என்று அது சொல்லாது.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2016-18இல் மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ரத்தம் எடுத்து இரும்பு, ஃபோலேட், பி12 மூன்றையும் அளந்தார்கள். 10 முதல் 19 வயதுக்குள் சோகை இருந்தவர்களில், இரும்புக் குறைவை மட்டுமே காரணமாகச் சொல்ல முடிந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். நான்கில் ஒருவருக்கு ஃபோலேட் அல்லது பி12 குறைவு. இன்னும் சிலருக்கு இரண்டு குறைவும் கலந்து. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இந்தக் காரணங்கள் எதிலும் அடங்காத வேறு ஏதோ ஒன்று. நாம் எல்லோருக்கும் கொடுப்பது என்னவோ ஒரே மாத்திரை.

தாளில் இருக்கும் மற்ற வரிகள்

அந்தப் பெண்களின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சிபிசி என்று நாம் சொல்லும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் எடுப்பார்களே, அது.

முதல் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.2. சிவப்பணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 39 லட்சம். எம்சிவி 69. ஆர்டிடபிள்யூ 19.

இரண்டாவது பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.4. சிவப்பணு 56 லட்சம். எம்சிவி 61. ஆர்டிடபிள்யூ 15.

எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இருப்பது வழக்கம். 80க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது, 100க்கு மேலே என்றால் பெருத்திருக்கிறது. சோகையை அணுவின் அளவை வைத்துப் பிரிக்கலாம் என்று வழி காட்டியவர் மேக்ஸ்வெல் வின்ட்ரோப் என்ற அமெரிக்க மருத்துவர். 1929இல் அவர் வடிவமைத்த கண்ணாடிக் குழாய் அவர் பெயராலேயே நம் மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் வெகுகாலம் புழங்கியது. இன்று மெஷின் ஒரு நிமிடத்தில் துப்பிவிடும் எண்ணுக்கு அவர் குழாயைச் சுழற்றி, கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பெண்களுக்கும் அணு சிறிது. ஆனால் சிறுத்த விதம் வேறு. இட்லி சுடும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மாவு தட்டுப்பாடாக இருந்தால் என்ன ஆகும்? இட்லி எண்ணிக்கையும் குறையும், அளவும் குறையும். ஒன்று கொஞ்சம் பெரிதாக, ஒன்று சப்பையாக, ஒன்று விளிம்பில் மட்டும் மாவோடு என்று ஆளுக்கொரு விதமாக வரும். அதுதான் இரும்புக் குறைவு. எண்ணிக்கை 39 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அளவில் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சொல்லும் ஆர்டிடபிள்யூ 14, 15ஐத் தாண்டி 19இல் நிற்கிறது.

மாவு தாராளமாக இருக்கிறது, தட்டில் குழிதான் சின்னது என்றால்? எல்லாமே சின்ன இட்லி, ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் எண்ணிக்கை அதிகம். இரண்டாவது பெண்ணின் 56 லட்சம் அதைத்தான் சொல்கிறது. சோகை என்று முத்திரை குத்தப்பட்டவளுக்கு அறைத்தோழியைவிட மட்டுமல்ல, பல ஆண்களைவிடவும் சிவப்பணு அதிகம். இரும்பு போதாமல் இருந்தால் இப்படி நடக்காது. அவளுக்கு இருப்பது தலசீமியா மைனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மரபணு மாற்றம். ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலியில் ஒன்றை உடம்பு குறைவாகச் செய்கிறது. குழி சின்னது, எவ்வளவு மாவு ஊற்றினாலும் இட்லி பெரிதாகாது.

இந்த வித்தியாசத்தை ஒரு வகுத்தல் கணக்காகச் சுருக்கினார் வில்லியம் மென்ட்சர். 1973இல் லான்செட் இதழில் அவர் எழுதியது இவ்வளவுதான்: எம்சிவியை, மில்லியன் கணக்கில் சொன்ன சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், கீழே வந்தால் தலசீமியாவாக இருக்கலாம். முதல் பெண்ணுக்கு 69ஐ 3.9ஆல் வகுத்தால் 17.7. இரண்டாமவளுக்கு 61ஐ 5.6ஆல் வகுத்தால் 10.9.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு. செலவு கிடையாது. ஆனாலும் நம் ஊரில் இதைப் போடுகிறவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கணக்கு வழிகாட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. இரண்டு கோளாறும் ஒரே உடம்பில் இருந்தால் கணக்கு குழம்பும். அதனால் முதல் பெண்ணுக்கு ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். உடம்பின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு கையிருப்பு என்று சொல்லும் பரிசோதனை அது. 15க்குக் கீழே என்றால் கிடங்கு காலி. பல மருத்துவர்கள் 30க்குக் கீழேயே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பொறி இருக்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், காசநோயோ மூட்டுவாதமோ ஏன் சாதாரணக் காய்ச்சலோகூட, ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். கிடங்குக் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே சரக்கு இருந்தும் கடைக்கு வராது அல்லவா, அதே கதை. அதனால் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், சாதாரணமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது பெண்ணுக்கு ஹெச்பிஎல்சி என்ற முறையில் ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று பார்ப்பார்கள். 3.5 சதவீதத்தைத் தெளிவாகத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர். இதிலும் ஒரு நுணுக்கம்: கடுமையான இரும்புக் குறைவு கூடவே இருந்தால் ஏ2 கீழே இழுபட்டு, மைனர் மறைந்துகொள்ளும். முதலில் இரும்பை நிரப்பிவிட்டு மறுபடி பார்ப்பதே முறை. பெண் கர்ப்பமாக இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, கணவருக்கு உடனே பார்த்துவிட வேண்டும்.

பல்பமும் பச்சரிசியும்

இரும்புக் குறைவு என்று உறுதியானதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் அடுத்த தப்பு. இரும்பு எங்கே போனது?

நம் உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு. இரண்டு மில்லிலிட்டர் ரத்தம் போனால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு போய்விடும். மாதவிடாயில் 80 மில்லிலிட்டர் போகும் பெண் மாதத்துக்கு 40 மில்லிகிராமை இழக்கிறாள். நாளுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் மாதம் முழுதும் சேர்த்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போனால் கிடங்கில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவருக்குத் தனியாக ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, எத்தனை நாள். பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ நின்றுகொண்டிருந்தால் எந்தப் பெண்ணும் பதில் சொல்ல மாட்டாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அம்மாவே மூடிவிடுவதும் உண்டு. எல்லாருக்கும் அப்படித்தான் என்றால், அந்த வீட்டில் எல்லாருக்குமே ரத்தம் உறைவதில் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

இன்னொரு கேள்வியும் உண்டு, சிரித்துக்கொண்டே கேட்க வேண்டியது: "பச்சரிசி திங்கிற பழக்கம் உண்டா?" பெண் தரையைப் பார்ப்பாள். அம்மா முந்திக்கொள்வார்: "ஐயோ டாக்டர், டப்பாவையே காலி பண்ணிடுவா." அரிசி, பல்பம், செங்கல் தூள், சுவர்ச் சுண்ணாம்பு, திருநீறு, ஐஸ் கட்டி. உணவல்லாததைத் தின்னும் இந்த வெறி இரும்புக் குறைவின் அடையாளம். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று எங்கள் பாட்டி மிரட்டுவார். எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்த மிரட்டலைக் கேட்டுக்கொண்டே அரிசிப் பானையில் கை விட்டிருக்கிறார்கள் என்று இப்போது யோசிக்கும்போது, அதை ஒரு கெட்ட பழக்கமாகப் பார்த்துச் சிரித்த எங்கள் வீட்டை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இரும்பு ஏற ஏற, பெரும்பாலும் ஓரிரு வாரங்களிலேயே, அந்த ஆசை தானாக அடங்கிவிடும்.

ஆணாக இருந்தால் விஷயம் இன்னும் கறாரானது. 25 வயது இளைஞனுக்கு இரும்புக் குறைவுச் சோகை என்றால் அவன் எங்கோ ரத்தத்தை இழந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும். மூலம் இருக்கும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு வருடமாக மறைத்துவைத்திருப்பான். வயிற்றுப்புண் இருக்கும், தலைவலிக்கும் முதுகுவலிக்கும் மெடிக்கலில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் காரணமாக இருக்கும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போகிறதா என்று கேட்க வேண்டும். இரும்பு மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும், ஏனென்றால் மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். வெறுங்காலோடு வயலில் நிற்பவர் என்றால் கொக்கிப்புழு. அது காலின் தோல் வழியே ஏறி, சிறுகுடலில் பல்லை ஊன்றி, சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். காரணம் தெரியாவிட்டால் எண்டோஸ்கோப்பி வரை போகத் தயங்கக் கூடாது. "சரியா சாப்பிடறதில்ல" என்று ஆணின் சோகையை மூடிவைப்பது ஆபத்து.

மாதுளையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பீட்ரூட்டிலும் இரும்பு கொஞ்சம்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் என்ற நம்பிக்கை பழக்கடைக்காரருக்கு நல்லது. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கீரையும் பயறும் பரவாயில்லை. அவற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறாது. ஆனால் கிடங்கே காலியானவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மாத்திரை வேலை செய்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் நோயறிதலைச் சந்தேகப்பட வேண்டும். சரியான பிறகும் கிடங்கு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். பெரும்பாலானவர்கள் கன்னம் சிவந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த வருடம் திரும்ப வருகிறார்கள்.

குன்னூரில் ஒரு பெண் மருத்துவர்

சிறுத்த அணுவைப் பார்த்தோம். பெருத்த அணுவின் கதைக்கு நம் மண்ணோடு ஒரு தொடர்பு இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கொடிய சோகை வந்தது, அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. அடுத்த ஆண்டு அவர் ஆய்வைக் குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாற்றினார். 1931இல் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறதே, அதுதான். ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் களிம்பைக் கொடுத்தால் அந்தச் சோகை தேறுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதில் இருந்த பொருள் என்னவென்று அப்போது தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம். 1941இல் கீரை இலையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று பள்ளிகளில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது.

அணு பெருப்பதற்கு இன்னொரு காரணம் பி12 குறைவு. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி தவிர வேறெதிலும் அது இயற்கையாகக் கிடைப்பது அரிது. சுத்த சைவம், அதிலும் மோரும் தண்ணீராய்க் கரைத்ததுதான் என்றால் மெல்ல மெல்ல இருப்புக் கரையும். இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது: பிசிஓடிக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் இளம்பெண்கள். அந்த மருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

பி12 குறைந்தவரை எண்கள் வருவதற்கு முன்பே கண்ணால் பிடிக்கலாம். நாக்கு மேடு பள்ளமின்றி வழுவழுவென்று சிவந்திருக்கும். விரல் முட்டிகளின் மேல் தோல் கறுத்திருக்கும். கால் மரத்துப்போகும், எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். இந்தக் கடைசி அறிகுறியை லேசாக விடக்கூடாது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், ரிப்போர்ட் அழகாகிவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

இங்கேதான் மெஷின் ஏமாறும். இரும்பும் குறைவு, பி12உம் குறைவு என்று இரண்டும் சேர்ந்தால் பாதி அணு சிறிது, பாதி அணு பெரிது. சராசரி எடுத்தால் எம்சிவி 88. ஒருவர் குள்ளம், ஒருவர் நெட்டை, சராசரியில் இருவரும் சரியான உயரம் என்று சொல்வது மாதிரி. அப்போது ஆர்டிடபிள்யூ மட்டும் எகிறி நின்று காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின் ஒரு முனையில் சொட்டு வைத்து, இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பில் மெழுகினால், விரல் நகம் மாதிரி மெல்லிய படலம் கிடைக்கும். லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து லென்ஸுக்குக் கீழே வைத்தால், ஆரோக்கியமான சிவப்பணு நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறிய வட்டமாகத் தெரியும். இரும்பு குறைந்தால் நடு வெளிறல் விரிந்து அணு வெறும் வளையமாகிவிடும்; இடையிடையே பென்சில் மாதிரி நீண்ட அணுக்கள். தலசீமியாவில் நடுவில் பொட்டு வைத்த அணுக்கள். பி12 குறைந்தால் சிவப்பணு முட்டை வடிவில் பெருத்திருக்கும், பக்கத்தில் இருக்கும் வெள்ளையணுவின் உட்கரு ஐந்து ஆறு துண்டாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு விலை உயர்ந்த பரிசோதனை பலதும் வெறும் உறுதிப்படுத்தல்தான். நம் சிறு லேபுகள் பலவற்றில் மைக்ரோஸ்கோப் மேல் உறை போட்டே கிடக்கிறது.

அரிவாள் வடிவில் ஓர் அணு

ஸ்லைடின் பெருமைக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1904இல் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ வந்த வால்டர் கிளமென்ட் நோயெல் என்ற 20 வயது இளைஞர், சோகையோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவர் ரத்தத்தை ஸ்லைடில் பார்த்து, அரிவாள் மாதிரி வளைந்த விசித்திர அணுக்களை வரைந்துவைத்தார். அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதை வெளியிட்டார். அதுவே அரிவாளணுச் சோகையின் முதல் மருத்துவப் பதிவாக மதிக்கப்படுகிறது. நோயெல் படிப்பை முடித்து, சொந்தத் தீவில் பல் மருத்துவராகி, 1916இல் 32 வயதில் நிமோனியாவால் இறந்தார்.

இந்தியாவில் அந்த அணு முதலில் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? மறுபடியும் நீலகிரியில். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டதாக எழுதினார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம், நோயை ஒழிக்க 2047 இலக்கு ஆண்டு. மலையிலிருந்து வந்த பழங்குடி இளைஞர் ஒருவர் எலும்பெல்லாம் வலிக்கிறது, ரத்தமும் கம்மி என்று சொன்னால், சமவெளி மருத்துவமனையில் இருப்பவர் வலி ஊசி போட்டு அனுப்பிவிடாமல் இதை நினைக்க வேண்டும்.

அணு உடைவதால் வரும் சோகைகளில் இது ஒன்று. 120 நாள் வாழ வேண்டிய அணு முன்னதாகவே உடைந்தால் கண் மஞ்சளாகும், மண்ணீரல் வீங்கும், 20 வயதிலேயே பித்தப்பையில் கல் சேரும். எலும்பு மஜ்ஜை விழுந்தடித்துப் புது அணுக்களை அனுப்புவதால் ரெட்டிகுலோசைட் என்ற அந்த இளம் அணுக்களின் எண்ணிக்கை ஏறும். உற்பத்தி குறைவா, உடைப்பு அதிகமா என்று பிரித்துக் காட்டும் மலிவான பரிசோதனை அது. இளம்பெண்ணுக்கு அணு உடைகிறது என்றால் லூபஸ் போன்ற நோய் இருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

அணுவின் அளவு சரியாக இருந்தும் சோகை இருந்தால் சிறுநீரகத்தைப் பாருங்கள், கூடவே ரத்த அழுத்தத்தையும். சிவப்பணுவோடு வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து குறைந்திருந்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், அடிபடாமலே தோலில் நீலம் பாய்ந்தால் மாத்திரை கேட்டு நிற்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

தாய்மாமன் கணக்கு

இரண்டாவது பெண்ணிடம் திரும்புவோம். தலசீமியா மைனர் நோயே இல்லை; அவள் ஓடலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம், நூறு வயது வாழலாம். காரணமில்லாமல் இரும்பை வருடக்கணக்கில் விழுங்குவதை மட்டும் நிறுத்த வேண்டும். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இதைச் சுமக்கிறார்கள், பெரும்பாலோருக்குத் தெரியாது.

தெரிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்னொரு மைனரைக் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தை தலசீமியா மேஜராகப் பிறக்கும். அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம், ஒரு வயதிலிருந்து மாதம்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்ற ஆயுள் முழுக்க மருந்து வேண்டும்.

நம் வீடுகளில் மாப்பிள்ளை தேடும் வழக்கம் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. வெளியாள் என்றால் அவர் மைனராக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று நான்கு. இவள் மைனர் என்று தெரிந்த பிறகு, இவளுடைய தாய்மாமன் மைனராக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. மாமன் மகன், அத்தை மகன் என்றால் எட்டில் ஒன்று. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் குடும்பம் இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மைனர் என்று தெரிந்தால் பெண்ணை ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கும் ஒரு முறை ஏ2 பார்த்தால் போதும். அவருக்கு இல்லை என்றால் பீட்டா தலசீமியா மேஜர் பயம் இல்லை. அவருக்கும் இருந்தால் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே கருவைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துவைத்த பழைய ரத்த ரிப்போர்ட் ஒன்றாவது இருக்கும், உங்களுடையதோ உங்கள் பிள்ளையுடையதோ. எம்சிவி 80க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். 56 லட்சம் என்றால் 5.6. விடை 13க்குக் கீழே வந்தால் அந்தத் தாளையும் சாப்பிட்டு முடித்த இரும்பு மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மேலே வந்தால், இரும்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்.